பதில் விளக்கு

உள்ளே இருப்பவன் பேசலாம், வெளியே இருப்பவர்கள் பதில் பேசக்கூடாது. அந்த அறையின் சட்டம் அவ்வளவுதான். முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர், வங்கிப் பெட்டகத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு கதவு. உள்ளே ஒரு கட்டில், மேசை, மின்சார அடுப்பு, சுவர்க் கடிகாரம். பத்து நாள் அதற்குள் ஒருவன் தனியாக இருக்க வேண்டும். ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்காது, ஏனென்றால் ஈயே கிடையாது. விண்வெளிக்குப் போகிறவனுக்குத் தனிமை பழகியிருக்க வேண்டும் என்று மாஸ்கோவின் மருத்துவர்கள் தீர்மானித்திருந்தார்கள். அதுவரை ராக்கெட்டில் போய்வந்தவை நாய்கள்தான். தனிமையைப் பற்றி அவற்றிடம் விசாரித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

ரிம்மா சவேல்யெவ்னா அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து உள்ளே இருப்பவனைக் கவனிக்கிற மருத்துவர். வயது முப்பதுக்கு ஒன்று குறைவு. சோம்பேறிகளைக் கண்டால் ஆகாது, அழுகிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. இருபது விமானிகளை நாடெங்கும் சலித்து எடுத்து இவர்கள் கையில் கொடுத்திருந்தார்கள். இருபது பேரில் ஆறு பேரைத்தான் முதலில் பறக்கத் தயார் செய்வார்கள். அந்த ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் குழு அடுத்த திங்கட்கிழமை கூடவிருந்தது.

இப்போது உள்ளே இருந்தவன் திமஃபெய் கலிவானவ். வடக்கே பனிக்கடல் ஓரத்தில் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவன், இருபத்தேழு வயது, வோலக்தா பக்கத்துக் கிராமத்துக்காரன். ரிம்மாவின் கணக்கில் இருபது பேரிலும் இவன்தான் முதல். நான்கு மாதமாக இவன் இரத்தத்தையும் இதயத்தையும் காதுக்குள் இருக்கும் திரவத்தையும்கூட அளந்தவள் அவள். தாய்க்குத் தன் பிள்ளைதான் உசத்தி என்பது மாதிரி ஒரு பிடிவாதம் அவளுக்கு வந்திருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

தினமும் மூன்று முறை அவன் மைக் முன்னால் உட்கார்ந்து அறிக்கை வாசிப்பான். அறையின் வெப்பம், தன் நாடித்துடிப்பு, தூங்கிய நேரம், சாப்பிட்டது. வாசித்து முடித்ததும் வெளியே இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துவார். உள்ளே ஒரு வெள்ளை விளக்கு எரியும். ‘கேட்டோம்’ என்று அர்த்தம். மனித குலம் அவனுக்குச் சொல்கிற பதில் அது ஒன்றுதான்.

“காலைச் சாப்பாடு, குழாயில அடைச்ச ஈரல் பசை,” என்று மூன்றாம் நாள் வாசித்தான் திமஃபெய். “இதைச் சமைச்சவரை உளவுத்துறை விசாரிக்கணும்னு பணிவா கேட்டுக்கறேன். நாடி அறுபத்திரண்டு. ஈரலை நினைச்சா எழுபது. அறிக்கை முடிஞ்சுது.”

ஆய்வகத்தில் ரிம்மாவோடு வேலை பார்க்கும் ஃபைனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரிம்மா சிரிக்கவில்லை, ஆனால் ஈரல் விஷயத்தையும் நோட்டில் எழுதினாள்.

ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை, வாசல் காவலன் போன் செய்தான். ஒரு பெண் குழந்தையோடு வந்து நிற்கிறாள், போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாள். ரிம்மா இறங்கிப் போனாள். அந்தக் கட்டடத்துக்கு வெளியே பெயர்ப்பலகை கூடக் கிடையாது. இவள் எப்படிக் கண்டுபிடித்தாளோ என்று யோசித்துக்கொண்டே போனவளுக்கு, திமஃபெயின் மனைவி தோன்யாவைப் பார்த்ததும் பதில் கிடைத்துவிட்டது. கண்டுபிடிக்கிற ரகம்தான் அவள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, காலடியில் ஒரு பெட்டி, கையில் கசங்கிய தந்தி.

“டாக்டரம்மா, எங்க மாமியார் போயிட்டாங்க,” என்றாள் தோன்யா. “நேத்து சாயங்காலம். வைக்கோல் அள்ளிட்டு வந்து உட்கார்ந்தாங்களாம், அவ்வளவுதான். வியாழக்கிழமை மத்தியானம் அடக்கம். வெயில் காலம் பாருங்க, அதுக்கு மேல வச்சிருக்க மாட்டாங்க. நானும் குட்டியும் இன்னைக்கு ரயில்ல கிளம்பறோம்.”

“அவரை வெளிய அனுப்பணும்னு கேக்கறீங்களா?”

“அதான் எனக்கே தெரியல. இப்ப வெளிய வந்தா பட்டியல்ல இருந்து பேரை எடுத்துடுவீங்க, இல்ல?”

“நான் எடுக்க மாட்டேன். ஆனா எடுத்துடுவாங்க.”

“பாத்தீங்களா. நீங்க சொன்னீங்கன்னா அவர் வந்துடுவார். அப்புறம் ஆயுசு பூரா வானத்தைப் பாத்துப் பெருமூச்சு விடுவார், அதை நான் கேட்டுக்கிட்டு இருக்கணும். சொல்லலைன்னா, ஏன்டி சொல்லலைன்னு என்னைக் கேப்பார். ரெண்டுலயும் அடி எனக்குத்தான்.” குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “இவரோட அப்பா போர்ல போனதுக்கப்புறம் அந்த அம்மா ஒத்தையா நின்னு இவரை ஆளாக்கினாங்க. அதையும் சொல்லிடறேன். நாளைக்கு ராத்திரி ரயில் பிடிச்சாக்கூட அடக்கத்துக்கு வந்துடலாம். நீங்க படிச்சவங்க, நீங்களே ஒரு முடிவு பண்ணுங்க.”

தந்தியை ரிம்மாவின் கையில் திணித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் ரிம்மாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கர்னல் லாசெப்னிக் தந்தியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆய்வகத்தின் தலைவர், நல்ல மருத்துவர், பேச ஆரம்பித்தால் அவருக்கு எதிராக ஒன்றும் சொல்ல முடியாது. அதனாலேயே அவரைப் பலருக்குப் பிடிக்காது.

“அவன் மேல, விண்வெளியில இருக்கும்போது இந்தத் தந்தி வந்தா என்ன பண்ணுவோம், ரிம்மா? விண்கப்பலை ஓரமா நிறுத்தி இறக்கி விடுவோமா?”

“இப்ப மேல இல்லையே. நம்ம மாடியிலதானே இருக்கான்.”

“அந்தக் கதவுக்கு உள்ள இருக்கறவன் மேல இருக்கறவன்தான். அப்படி நாம நினைக்கலைன்னா இந்தப் பரிசோதனையே நாடகம். காத்தைக்கூட வடிகட்டித்தான் உள்ள விடறோம், தந்தியை விடுவோமா?” அதை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். “எங்க அம்மா போர்ல, ஊரை முற்றுகை போட்டிருந்தப்ப செத்தாங்க. எனக்குத் தெரிஞ்சது மூணு மாசம் கழிச்சு. அந்த மூணு மாசமும் நான் நல்லாத்தான் அறுவை சிகிச்சை பண்ணிட்டிருந்தேன். சனிக்கிழமை கதவைத் திறந்ததும் நானே சொல்றேன். அதுவரைக்கும் முகத்தைக் கொஞ்சம் சாதாரணமா வச்சுக்கங்க.”

“என் முகத்தை அவன் பாக்க முடியாது.”

“அப்ப பிரச்சனையே இல்லை.”

இருவருமே ஒன்றை மறந்துவிட்டார்கள். அன்று மாலை எண் பரிசோதனை இருந்தது.

ஒரு பலகையில் கறுப்பிலும் சிவப்பிலும் எண்கள் தாறுமாறாக எழுதியிருக்கும். கறுப்பில் ஒன்றிலிருந்து மேலே ஏற வேண்டும், சிவப்பில் கடைசியிலிருந்து கீழே இறங்க வேண்டும், ஒன்று மாற்றி ஒன்று. அது போதாதென்று, அவன் சொல்லச் சொல்ல ஒலிபெருக்கியில் ஒரு குரல் தவறான எண்களை உரக்கச் சொல்லிக் குழப்பும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அவன் காதில் விழும் ஒரே மனிதக் குரல் அது. அந்தக் குரல் ரிம்மாவுடையது. குழப்புவதில் அவள் கெட்டிக்காரி. சந்தையில் மீன் விற்கிறவள் தோற்றுப்போவாள். போன தடவை அவனை ஏழு இடத்தில் தடுக்கி விழ வைத்திருந்தாள்.

அன்றும் கத்தத்தான் நினைத்தாள். மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தால், “பத்தொன்பது... நாலு... பதினொண்ணு...” என்று மெதுவாக வந்தது. தன் குரல் தன் காதிலேயே விழுந்தது, அதைக் கடுமையாக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவன் ஒரு தவறுகூடச் செய்யாமல் முடித்தான்.

பிறகு அறிக்கை நேரம். சின்னத் திரையில் அவன் மைக் முன்னால் வந்து உட்கார்வது தெரிந்தது. ஆறு நாள் தாடி.

“நேரம் ஆறு பத்து. வெப்பம் இருபத்திரண்டு. நாடி அறுபத்தாறு.” தாளைக் கீழே வைத்தான். “ரிம்மா சவேல்யெவ்னா, ஒண்ணு கேக்கணும். பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும். முந்தாநாள் நீங்க எண்களை வச்சே என்னைத் திட்டினீங்க. இன்னைக்கு நோயாளிக்குக் கஞ்சி ஊட்டற மாதிரி படிச்சீங்க. எங்க படைப்பிரிவுல ஒரு தடவை அப்படி ஒரு குரலைக் கேட்டிருக்கேன். ஒரு விமானி திரும்பி வரல. அவன் பொண்டாட்டிகிட்ட எங்க கமாண்டர் அப்படித்தான் பேச ஆரம்பிச்சார்.”

ஃபைனா நாற்காலியை நகர்த்தி ரிம்மாவின் பக்கம் வந்தாள்.

“உங்க வீட்ல ஏதாவதுன்னா மன்னிச்சுக்கங்க. என் வீட்லன்னா, விளக்கைப் போடாதீங்க. அது போதும். நானே தட்டி வெளிய வந்துடறேன், உங்க மேல பழி வராது. எல்லாம் நல்லபடியா இருந்தா, எப்பவும் போல விளக்கைப் போடுங்க. அறிக்கை முடிஞ்—”

ரிம்மா அழுத்திவிட்டாள். பேனா இன்னும் மூடியோடு மேசையில் கிடந்தது.

திரையில் அவன் விளக்கை அண்ணாந்து பார்த்தான். “நன்றி,” என்றான். எழுந்து போய்ச் சாப்பிட்ட கரண்டியைக் கழுவ ஆரம்பித்தான்.

“என்ன பண்ணிட்ட நீ?” என்றாள் ஃபைனா.

“கர்னல் உத்தரவு.”

“கர்னலா இங்க உட்கார்ந்திருக்கார்? அமுக்கினது உன் விரல்.”

ஃபைனா சொன்னது உண்மைதான். உத்தரவுக்குப் பயந்து ரிம்மா அதைச் செய்யவில்லை. விளக்கைப் போடாமல் இருந்திருந்தாலும் அவளை யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது, பொத்தான் வேலை செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அவன் பறக்க வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தவன், அவள் அளந்தவன், அவன்தான் போக வேண்டும். ஒரு கிராமத்துக் கல்லறையில் மண் அள்ளிப் போடுவதற்காக அவன் அந்தக் கதவைத் தாண்டி வந்து எல்லாவற்றையும் இழப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது அன்பு என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி அன்பு, பாதி தன் கணக்கு சரி என்று நிரூபிக்கிற ஆசை.

புதன்கிழமை முழுவதும் அவளுக்கு அவகாசம் இருந்தது. அன்றைக்கும் மூன்று அறிக்கைகள். ஏதாவது ஒன்றுக்கு விளக்கைப் போடாமல் இருந்தால் போதும், அவன் இரவு ரயிலைப் பிடித்துவிடுவான். மூன்றுக்கும் போட்டாள். முதல் தடவை பொய் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும், பிறகு அது அலுவலக வேலை ஆகிவிடுகிறது. சாயங்கால விளக்கைப் போட்டபோது கையிலிருந்த தேநீரைக்கூட அவள் கீழே வைக்கவில்லை. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

திமஃபெய் முன்பைவிட அதிகமாக ஜோக் அடித்தான். ஈரல் பசைக்கு ஒரு வீரப்பதக்கம் சிபாரிசு செய்தான். தூக்கத்தில் மட்டும் நாடி எண்பத்து நான்கு என்று கருவி காட்டியது. ரிம்மா அந்தத் தாளைக் கர்னலிடம் கொண்டுபோனாள்.

“கனவு கண்டிருப்பான்,” என்றார் அவர். “இளவட்டம். பொண்டாட்டியைப் பாத்து ஒரு வாரம் ஆச்சு. இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணாதீங்க.”

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரிம்மா கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது. திமஃபெய் அறையின் நடுவில் கேமராவைப் பார்த்து நின்று, ஆற்றில் படகு போகிற ஏதோ பழைய பாட்டைத் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். சுருதி என்பது மருந்துக்கும் இல்லை.

“அங்க பெட்டியைக் குழியில இறக்கிட்டிருப்பாங்க,” என்றாள் ஃபைனா. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ரிம்மா நோட்டில் எழுதினாள்: ‘12.04. பாடுகிறார். மனநிலை உற்சாகம்.’

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தார்கள். கர்னல் எங்கிருந்தோ ஒரு கொத்து பியோனிப் பூ கொண்டுவந்திருந்தார். பரிசோதனை முடித்து வருகிறவனைப் பூக் கொடுத்துக் கைதட்டி வரவேற்பது அங்கே வழக்கம். கைதட்டல் சத்தத்துக்கு அவன் முகத்தைச் சுளித்தான், பிறகு சிரித்தான், ஒவ்வொருவருடனும் கைகுலுக்கினான். சொல்ல வேண்டியதைச் சொல்லப் போகிறார் என்று எல்லாரும் கர்னலைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார், அவன் தோளைத் தட்டினார்.

“முதல்ல எடை பாத்துட்டு வரட்டும்,” என்றார்.

மூன்று மாதம் கழித்து அம்மா இறந்ததைத் தெரிந்துகொண்ட வீரர். ரிம்மாவுக்கு அவரை அந்தக் கணத்தில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

கைகுலுக்கலில் கடைசி ஆள் அவள்தான். திமஃபெய் அவள் கையைப் பிடித்தான், விடவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “யாரு?” என்றான்.

எடை பார்க்கும் அறைக்கு அவனைக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு அறிக்கைக்கு அப்புறமும் நீங்க நோட்டுல எழுதிட்டுத்தான் விளக்கைப் போடுவீங்க போல. விளக்கு எரியற வரைக்கும் நான் எண்ணுவேன். உள்ள எண்ணறதைத் தவிர வேற என்ன வேலை? உங்களுக்கு ஏழு, இல்லைன்னா எட்டு. ஃபைனா இருந்தா பன்னெண்டு, அவங்க பேனாவைத் தேடுவாங்க. அன்னைக்கு நான் வாயை மூடறதுக்குள்ள எரிஞ்சுது. ஒண்ணுமே இல்லைன்னா அவ்வளவு அவசரம் எதுக்கு?”

“தெரிஞ்சும் ஏன் தட்டல?”

“தினமும் கதவு வரைக்கும் போவேன். கையைத் தூக்குவேன். அப்புறம், விளக்குதான் எரிஞ்சுதே, டாக்டரே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களேன்னு நினைச்சுப்பேன்.” பூக்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “நீங்க ஒரு பொய்யைக் கொடுத்தீங்க. பொய்யின்னு தெரிஞ்சேதான் நான் அதைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். உங்களை ஒண்ணும் சொல்ல வரல. எனக்கும் பறக்கணும்.”

“கலிவானவ்...”

“எனக்குன்னு மூணு பேர். அம்மா, தோன்யா, குட்டி. நாலு நாளா மூணு பேரையும் மாத்தி மாத்தி சாகடிச்சு அழுதேன், நீங்க பாக்கக் கூடாதுன்னு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டு. இப்பவாவது சொல்லுங்க. யாரு?”

“அம்மா,” என்றாள் ரிம்மா.

அவன் தோள்கள் இறங்கின. நான்கு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

“அம்மாதானா.”

முகம் மலர்ந்துவிட்டது. மறைக்க அவனுக்கு நேரம் இல்லை, பார்க்காமல் இருக்க அவளுக்கும் நேரம் இல்லை. குழந்தை இருக்கிறாள், தோன்யா இருக்கிறாள் என்ற சந்தோஷம் அந்தத் தாடி முகத்தில் அப்படியே தெரிந்தது. பிறகு தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிறம் இறங்கிப்போவதை ரிம்மா பார்த்தாள். நான்கு மாதம் அளந்ததில் அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை.

“என்னைக்கு அடக்கம்?” என்றான்.

“வியாழக்கிழமை. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு.”

“அப்ப நான் பாடிட்டிருந்தேன்.”

“ஆமா.”

“நீங்க பாத்துட்டிருப்பீங்கன்னுதான் பாடினேன்.”

மன்னிப்புக் கேட்க நினைத்தாள். ஆனால் அவன் மன்னித்துவிட்டால் அதையும் தாங்க முடியாது என்று தோன்றியது.

அவன் பூக்கொத்தை நாற்காலியில் வைத்தான். காலணியைக் கழற்றினான். சொல்லாமலே போய் எடைக் கருவியின் மேல் ஏறி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அணிவகுப்பில் நிற்பதுபோலக் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி நேராக நின்றான். தோள்கள் குலுங்கின, சத்தம் மட்டும் வரவில்லை. சத்தம் இல்லாமல் இருக்கத்தான் பத்து நாள் பழகியிருந்தானே. ரிம்மா பேனாவைத் திறந்து, வட்டத் தட்டில் ஆடும் முள்ளைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

வெளியே கர்னல் கதவைத் தட்டினார். “என்ன, எவ்வளவு இறங்கியிருக்கான்?”

“முள் இன்னும் நிக்கல,” என்றாள் ரிம்மா.